ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம்



மலருக்குக் கட்டுரை கேட்டபோது "செயற்கை நுண்ணறிவைப் பத்தி எழுதுடா, நல்லா இருக்கும்" என்றார்கள். அதை எழுத நம் கல்லூரியில் பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது சாரணர் கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃப் துணியைப் பற்றி. சிரிக்க வேண்டாம், கடைசி வரை படியுங்கள்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளியில் சாரணர் படை இருந்தது. மொத்தம் 24 பேர். முக்கால்வாசிப் பேர் பனியன் கம்பெனித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். படையை நடத்தியது ஒரு ஆசிரியர். அவருக்குத் துணையாக, பள்ளிக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் ஞாயிறுதோறும் காலையில் வருவார். நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டர் வேலை. சிறுவயதில் அவரும் சாரணராக இருந்தவராம். நாங்கள் 'அண்ணா' என்போம். சம்பளம் கிடையாது, பயணப்படி கிடையாது. சைக்கிளில் வருவார், இரண்டு மணி நேரம் இருப்பார், போவார்.

ஸ்கார்ஃப் வாங்கக் காசு இல்லாமல் பாதிப் பேர் வெறும் கழுத்தோடு நின்றோம். என் அப்பா ஓவர்லாக் டெய்லர் என்று தெரிந்ததும் அண்ணா நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். "எனக்கென்னங்க தெரியும், நான் படிக்காத ஆளு" என்றார் அப்பா. "படிப்பு எதுக்குங்க? துணி நான் கொண்டாறேன், நீங்க ஓரம் அடிச்சுக் குடுத்தாப் போதும்" என்றார் அண்ணா. அந்தச் சனிக்கிழமை ஒன்றரை ஷிப்ட் முடிந்த பிறகு, முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, அப்பா 24 ஸ்கார்ஃபையும் அடித்து முடித்துத்தான் வீடு வந்தார். மறுநாள் பொட்டலத்தோடு பள்ளி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரக் கூச்சம். ஆசிரியர் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார். நாங்கள் வரிசையாக நின்று இடது கை நீட்டினோம். உலகம் முழுக்கச் சாரணர்கள் இடது கையைத்தான் குலுக்குவார்கள், இதயத்துக்குப் பக்கமான கை என்று. அப்பாவுக்கு அது தெரியாது. "பெரியவங்களுக்கு நொட்டாங்கையவா நீட்டுவாங்க?" என்று தயங்கி, கடைசியில் தானும் நீட்டினார். அதற்குப் பிறகு எங்கள் அணிவகுப்பு எப்போது என்று என்னைவிட அவர்தான் ஞாபகம் வைத்திருப்பார்.

அண்ணா சொல்லிக் கொடுத்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கைக்கடிகாரத்தை வைத்துத் திசை பார்க்கும் வழி சாரணர் புத்தகங்களில் இருக்கிறது. அவர் அதை ஒதுக்கிவிட்டார். "அது குளிர் தேசத்துக்குச் சரி. நம்மூர்ல ஏப்ரல் மாசம் மத்தியானம் சூரியன் உச்சந்தலையில நிக்குது, என்ன திசை காட்டும்?" என்று கேட்டு, மண்ணில் ஒரு குச்சியை நட்டார். நிழல் நுனியில் ஒரு கல், கால் மணி கழித்து நகர்ந்த நுனியில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. புத்தகத்தையே கேள்வி கேட்கலாம் என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான். நான் மெக்கானிக்கல் எடுத்ததற்கும் அந்தக் குச்சிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஆசிரியருக்கு மாறுதல் வந்தது. வேறு யாரும் படையை எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் அண்ணா வந்தார், கேட் பூட்டியிருந்தது. மூன்றாவது வாரம் வரவில்லை. 24 ஸ்கார்ஃபும் எங்கெங்கோ போய்விட்டன. கூட இருந்தவர்களில் இரண்டு பேர் எட்டாவதோடு கம்பெனிக்குப் போயிருந்தார்கள். படை இருந்த வரைக்கும் அவர்களும் ஞாயிறு வந்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. அவர்களுக்குப் பள்ளியோடு மிச்சமிருந்த ஒரே தொடர்பு அது.

என் கருத்து இதுதான். சாரணர் இயக்கத்தை நாம் பள்ளியின் வேலை என்று ஒற்றை ஆசிரியர் தலையில் கட்டிவிட்டோம். 1907-ல் பேடன் பவல் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாம் பள்ளிக்கூட முகாம் அல்ல. பணக்கார வீட்டுப் பையன்களும் தொழிலாளர் வீட்டுப் பையன்களுமாக ஏறக்குறைய 20 பேரை ஒன்றாகச் சேர்த்த முகாம். இந்தியப் பையன்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்த காலத்தில் சென்னையில் தனிச் சாரணர் சங்கம் கண்டவர் அன்னி பெசன்ட் அம்மையார். வளர்ந்துவிட்ட பழைய சாரணர்கள் இயக்கத்துக்குத் துணை நிற்பதற்காக 1953-ல் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் ஓர் உலகத் தோழமை அமைப்பு தொடங்கப்பட்டது. நம் பாரத சாரண சாரணியர் இயக்கத்திலும் பள்ளியைச் சாராமல் ஊரிலேயே நடத்தும் 'ஓபன் குரூப்' முறை இருக்கிறது. வழி இருக்கிறது, ஆள்தான் இல்லை. 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் ஜாம்போரி நடந்தது, பல மாநிலங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். சந்தோஷம். ஆனால் ஒரு படை உயிரோடு இருப்பது அந்த ஒரு வாரத்தில் இல்லை, பெயர் தெரியாத ஏதோ ஒரு ஞாயிறு காலையில் யார் வந்து நிற்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

"திருப்பூர்ல யாருக்குடா நேரம்? ஞாயிறுதான் துணி துவைக்க, தூங்க" என்று என் நண்பனே கேட்டான். நியாயம். எட்டரைக்கு நுழைந்து இரவு வெளியே வருகிறவரை வாராவாரம் வா என்று கேட்பது கொடுமை. நான் கேட்பது அதுவல்ல. என் அப்பா கொடுத்தது ஒரே ஒரு ராத்திரி. பத்துப் பேர் முறைவைத்து வந்தால் ஒருவருக்குப் பத்து வாரத்துக்கு ஒரு ஞாயிறு விழும். லாரியில் லோடு ஏற்றித் தார்ப்பாய் இழுத்துக் கட்டுகிறவருக்குத் தெரிந்த முடிச்சு எத்தனை வாத்தியாருக்குத் தெரியும்? கம்பெனி எலக்ட்ரீசியன் ஷாக் அடித்தவனைத் தொடும் முன் என்ன செய்வார் என்று சொன்னால் அது முதலுதவிப் பாடமே அல்லவா? அவர்களெல்லாம் 'நான் படிக்காத ஆளு' என்று கேட்டுக்கு வெளியில் நிற்கிறார்கள். யாராவது போய்க் கையைப் பிடித்து அழைக்க வேண்டும்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. பெரியவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று நம்பிக் கதவைத் திறந்து விடக்கூடாது. எந்தப் பிள்ளையும் ஒரு பெரியவரோடு தனியாக இருக்கக்கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள் வேண்டும், பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிற ஆள் நமக்கு வேண்டாம்.

நண்பர்களே, நமக்கு 18 ஆகிவிட்டது. ஓட்டுப் போடுகிறோம், ஆனால் உதவி என்று வந்தால் இன்னும் 'பசங்க' என்று சொல்லித் தப்பிக்கிறோம். 25 வயது வரை திரிசாரணராகவே சேரலாம். நமக்கு வெல்டிங் தெரியும், ஒயரிங் தெரியும், சர்வே தெரியும். மாணவர் பேரவை அடுத்த ஆண்டு ஒரே ஒரு அரசுப் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, மாவட்டச் சாரணர் அலுவலகத்தில் முறைப்படி பதிந்து தொடங்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதை எழுதிவிட்டு அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்து ஒன்றுதான் கேட்டார்: "எத்தனை பசங்க கண்ணு? துணி என்ன கலரு?"