பிள்ளைகள் நிறைஞ்ச வீடு: சந்தோஷம் எங்கிருந்து வருது?

1/
இன்னைக்கு நோயைப் பற்றி இல்லை, வீட்டைப் பற்றி எழுதப் போறேன். கொஞ்சம் நீளம். பொறுமையா வாசிங்க, கடைசியில ஒரு வேண்டுகோள் இருக்கு.

2/
"பிள்ளைப் பேறு குறைஞ்சு போச்சு, இன்னும் பெத்துக்கோங்க" என்ற பேச்சு கொஞ்ச காலமா ஓடுது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, முதியோர் எண்ணிக்கை கூடுவதைச் சொல்லி இதைப் பேசினார். அதே மாதம் சென்னையில் ஒரு திருமண விழாவில் மு.க.ஸ்டாலின் தொகுதி மறுவரையறையைச் சொல்லி, பதினாறு பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். பழைய வாழ்த்தில் வரும் பதினாறு என்பது பதினாறு செல்வங்கள் என்றும் அதே மேடையில் விளக்கினார்.

3/
கணக்கு உண்மைதான். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள். மக்கள் தொகை இறங்காமல் நிற்க சுமார் 2.1 வேணும்.

ஆனா மேடையில் பேசும்போது அது எண். என் அறைக்குள்ள வரும்போது அது ஒரு பொண்ணோட உடம்பு. அதனாலதான் இதை எழுதுறேன்.

4/
எம்.ரெட்டியபட்டி பக்கம் ஒரு வீடு. யார், எவர்னு சொல்லப் போறதில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் தெரிஞ்சவங்களுக்கு அந்த நிலம் தெரியும். மானாவாரிக் கரிசல். புரட்டாசி, ஐப்பசியில வானம் பார்த்து விதைக்கணும். பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, மல்லி, மிளகாய். மழை பொய்ச்சா மிச்சம் நிக்கிறது சீமைக்கருவேலம்தான்.

5/
அந்த வீட்டுல அண்ணன், தம்பி ரெண்டு பேர். ஒரே அடுப்பு. அண்ணனுக்கு மூணு பிள்ளை, தம்பிக்கு ரெண்டு. மூத்தவளுக்கு ஒன்பது வயசு, கடைக்குட்டிக்குப் பத்து மாசம். இவங்களுக்கு மேல ஒரு அப்பத்தா. தம்பி திருப்பூர்ல வேலை பார்த்துட்டு மாசத்துக்கு ரெண்டு தடவை வருவார். அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கிறார். மழை ஏமாத்துற ஊர்ல இப்படி ஒருத்தர் வெளிய, ஒருத்தர் உள்ளன்னு இருக்கிறதுதான் அவங்களோட இன்சூரன்ஸ்.

6/
ஒரு சாயங்காலம் அப்பத்தாவோட சர்க்கரையைப் பார்க்கப் போனேன். ஆறு மணி. பள்ளிக்கூடப் பைகள் திண்ணையில குவிஞ்சு கிடக்கு. தொட்டிகிட்ட வரிசையா குளியல். மூத்தவ தம்பிக்குச் சோப்புப் போட, அவன் கண் எரியுதுன்னு ஊரைக் கூட்டுறான். ஒரே ஒரு சைக்கிள், அதுக்கு மூணு சொந்தக்காரங்க. யார் எத்தனை ரவுண்டு என்பதற்குச் சட்டம் இருக்கு. சட்டத்தை மீறினா அப்பத்தா கோர்ட்டு. அப்பீல் கிடையாது.

7/
இருட்டினதும் அப்பத்தா ஒரு பெரிய சட்டியில சோறு பிசைஞ்சு உட்கார்ந்தாங்க. சுத்தி அஞ்சும். ஒரு உருண்டை ஒரு கை, ஒரு உருண்டை ஒரு கைன்னு போய்க்கிட்டே இருக்கு. கடைக்குட்டிக்கு மட்டும் விரல் நுனியில மசிச்சு வாயில.

இதுல ஒரு வேடிக்கை. மூணு வயசுப் பயலை, "சாப்பிடவே மாட்டேங்கிறான் டாக்டர், டானிக் எழுதுங்க"ன்னு முந்தின மாசம்தான் கூட்டிட்டு வந்தாங்க. அன்னைக்கு அவன் நாலாவது உருண்டைக்குக் கையை நீட்டிக்கிட்டு இருந்தான். அக்கா வாங்கிட்டா, தனக்கும் வேணும். அவ்வளவுதான் டானிக்.

8/
ஒரு சின்ன மருத்துவக் குறிப்பு. பிறக்கும்போது மூணு கிலோ இருக்கிற பிள்ளை ஒரு வயசுல ஒன்பது கிலோ ஆகும், அதாவது மூணு மடங்கு. அதுக்கப்புறம் வருஷத்துக்கு ரெண்டு, ரெண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையும், அது நோயில்லை. கட்டாயப்படுத்தாம, கூட உட்கார்ந்து, பேசிக்கிட்டே கொடுத்தா பெரும்பாலான பிள்ளைகள் தனக்கு வேண்டியதைச் சாப்பிடும். எடை சரியா ஏறலைன்னா மட்டும் டாக்டரைப் பாருங்க.

9/
தனியா வளர்ற பிள்ளைக்கு அந்தச் சட்டிக்குப் பதிலா செல்போனை வைக்கிறோம். ரெண்டு வயசுக்குக் கீழே திரையே வேண்டாம், ரெண்டு முதல் நாலு வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நான் தாய்மார்களைக் குறை சொல்லலை. ஒத்தை ஆளா சமைச்சு, துவைச்சு, ஊட்டணும்னா அவங்களும் என்ன செய்வாங்க? அந்த அம்மாவுக்கு இல்லாதது இன்னொரு ஜோடி கை.

10/
பெரிய வீட்டுக்குன்னு சில நோய்களும் உண்டு. ஒருத்தனுக்குச் சிரங்கு வந்தா எல்லாரும் சொறிவாங்க. வந்தவனுக்கு மட்டும் மருந்து போட்டா பிரயோஜனமில்லை. பெர்மெத்ரின் களிம்பை டாக்டர் சொல்ற அளவில் வீட்டுல இருக்கிற எல்லாரும், அரிப்பு இல்லாதவங்களும், ஒரே ராத்திரியில போடணும். ஒரு வாரம் கழிச்சு மறுபடியும். துணி, போர்வையை வெந்நீர்ல துவைச்சு வெயில்ல போடணும். வெயிலுக்கு அந்த ஊர்ல பஞ்சமே இல்லை.

இன்னொரு நாள் அந்த வீட்டுல ஒருத்தனுக்கு ஊசி போட்டேன். "எனக்கு ஏன் போடல?"ன்னு இன்னொருத்தி அழுதா. பெரிய குடும்பத்துல ஊசியும் பங்குதான்.

11/
இது வரைக்கும் படிச்சவங்க, "பார்த்தீங்களா, அந்தக் காலம் மாதிரி வருமா"ன்னு சொல்லக் கிளம்பியிருப்பீங்க. இருங்க. அப்பத்தாகிட்ட, "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?"னு கேட்டேன்.

"ஒம்பது."

பக்கத்துல இருந்த மூத்த மகன், "நாங்க அஞ்சு பேரு டாக்டர்"னார்.

அப்பத்தா திரும்பவும், "பெத்தது ஒம்பது. தங்குனது அஞ்சு"ன்னாங்க. ஒண்ணு வயித்துப்போக்குல, ஒண்ணு மணல்வாரி அம்மையில, ரெண்டு பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே. இத்தனை வருஷம் கழிச்சும் அவங்க கணக்குல ஒன்பதுதான்.

12/
1971-ல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் ஒரு வயசு முடியறதுக்குள்ள இறந்தாங்க. 2020-ல் தமிழ்நாட்டில் அந்த எண் 13. தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், உப்பு சர்க்கரைக் கரைசல், படிச்ச அம்மா, கிராமச் செவிலியர், சத்துணவு எல்லாம் சேர்ந்து செஞ்ச வேலை இது. அந்தக் காலத்துப் பெரிய குடும்பம் சந்தோஷத்துக்காக மட்டும் உண்டானது இல்லை. எத்தனை தங்கும்னு தெரியாத பயமும் அதுல இருந்தது. இன்னைக்கு அந்தச் சட்டியைச் சுத்தி நீளுற அஞ்சு கையும் நாளைக்கும் நீளும்னு நம்புறோமே, அதுதான் அப்பத்தாவுக்குக் கிடைக்காதது.

13/
அந்தச் சாயங்காலத்துல நான் கவனிச்ச இன்னொண்ணு. சிரிப்பு, சத்தம், சண்டை எல்லாம் முத்தத்துல. சின்ன மருமக மட்டும் அடுப்படியில. "நீ எப்பம்மா சாப்பிடுவ?"ன்னு கேட்டேன். "எல்லாரும் சாப்பிட்டு மிச்சம் பார்த்துக்குவேன் சார்." கண் இமையை இறக்கிப் பார்த்தேன், வெளுத்திருந்தது. மறுநாள் ரத்தப் பரிசோதனையில ஹீமோகுளோபின் 8. மடியில பால் குடிக்கிற பத்து மாசக் குழந்தை. நாலு வருஷத்துக்குள்ள ரெண்டு பிரசவம். இதுக்கு நடுவுல சொந்தக்காரங்க கேள்வி, "மூணாவது எப்ப?"

14/
அவ மட்டும் இல்லை. அதே 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. பிரசவத்துக்கு அப்புறமும் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை அரசு இலவசமா கொடுக்குது. பிள்ளை பிறந்ததும் நிறுத்திடுறாங்க. நிறுத்தாதீங்க. மாத்திரையோட டீ, காபி வேண்டாம், இரும்பு உடம்புல சேராது.

15/
நான் அப்பத்தாகிட்டதான் பேசினேன். மகன்கிட்ட சொல்லியிருந்தா தலையாட்டிட்டுப் போயிருப்பார். "அப்பத்தா, பிள்ளை வளர்க்கிற வீட்டுல முதல் உருண்டை பால் கொடுக்கிறவளுக்கு. அவ உடம்புல இருந்துதான் கடைக்குட்டிக்குப் போகுது"ன்னேன். அவங்க ஒரு நிமிஷம் பேசலை. அப்புறம், "எனக்கு ஆரு அப்படிக் குடுத்தா"ன்னு சொல்லிக்கிட்டே அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாங்க: "ஏத்தா, இங்க வந்து உக்காரு."

மூணு மாசம் மாத்திரை, வட்டத்துல ஒரு இடம். ஹீமோகுளோபின் 10.6 ஆச்சு. இன்னும் 12-க்கு வரணும். வரும்.

16/
இப்ப என் கருத்தைச் சொல்றேன். பிள்ளைகள் நிறைஞ்ச வீட்டுச் சந்தோஷம் பொய்யில்லை. நான் கண்ணால பார்த்தது. ஆனா அந்த வீட்டுல ஒருத்தியே அஞ்சு பெறலை. அஞ்சு பிள்ளைக்கு ரெண்டு அம்மா, ஒரு பெரியப்பா, ஒரு அப்பத்தா, விடுமுறைக்கு வர்ற ஒரு சித்தப்பா. அஞ்சு பிள்ளைக்குப் பத்துக் கை. சந்தோஷம் வர்றது அந்தக் கைகள்ல இருந்து. கைகளைக் குறைச்சுட்டு எண்ணிக்கையை மட்டும் கூட்டினா, மிஞ்சறது அடுப்படியில நிக்கிற அந்தப் பொண்ணுதான்.

17/
சட்டமும் இன்னும் அங்கே வரலை. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினப்ப முதல் ரெண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோட விடுப்பு கொடுத்தாங்க, மூணாவதுக்கு 12 வாரம்தான். பருத்தி எடுக்கப் போற பெண்ணுக்கு அந்த 12 வாரமும் கிடையாது. "இன்னும் பெறுங்க"ன்னு சொல்றவங்க முதல்ல இதைப் பேசணும்.

18/
பெத்துக்கணும்னு ஆசைப்படறவங்க தாராளமா பெத்துக்கோங்க. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் குறைஞ்சது 24 மாசம் இடைவெளி விடுங்க. காப்பர் டி, ஊசி, மாத்திரை எல்லாம் அரசு மருத்துவமனைகள்ல இலவசம். போதும்னு முடிவு பண்ணினா அது பொண்ணுக்கு மட்டுமான ஆபரேஷன்னு நினைக்காதீங்க. ஆண்களுக்குத் தழும்பில்லாத கருத்தடை அதைவிடச் சின்னது, கொஞ்ச நேரத்துல முடியும். ஆனா தமிழ்நாட்டில் நூறு தம்பதியில் ஒரு ஆண்கூட அதைச் செய்யறதில்லை.

19/
பெரிய வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. எல்லாரும் பார்த்துக்கிறாங்கன்னு நினைக்கிற நேரத்துலதான் பிள்ளையை யாரும் பார்க்கிறதில்லை. பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் குளிர்பான பாட்டில்ல ஊத்தி வைக்காதீங்க. கைக்கு எட்டாத உயரத்துல பூட்டி வைங்க. தண்ணித் தொட்டிக்கு மூடி போடுங்க. கிணறு, கண்மாய்ப் பக்கம் போகும்போது, "இந்தப் பிள்ளை இப்ப உன் பொறுப்பு"ன்னு பெரியவங்க ஒருத்தர் பேரைச் சொல்லி ஒப்படைங்க. ஒன்பது வயசு அக்காவும் பிள்ளைதான், அவகிட்ட இல்லை.

20/
ஒரே பிள்ளையோட நிறுத்தினவங்க குற்ற உணர்ச்சியில தவிக்க வேண்டாம். சட்டியைச் சுத்தி உட்கார உடன்பிறந்தவங்கதான் வேணும்னு இல்லை. அத்தை பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளை, மாடி வீட்டுப் பாட்டி போதும். வாரத்துல ஒரு ராத்திரி நாலு வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து மொட்டை மாடியில நிலாச்சோறு போடுங்க. அங்கன்வாடிக்கு அனுப்புறதைக் கௌரவக் குறைச்சலா நினைக்காதீங்க. அங்கேயும் பிள்ளைகள் வட்டமா உட்கார்ந்துதான் சாப்பிடுது.

21/
வேண்டுகோள் இதுதான். அடுத்த தடவை ஒரு இளம் அம்மாவைப் பார்த்தா, "அடுத்தது எப்ப?"ன்னு கேட்காதீங்க. "பிள்ளையைக் கொடு, ஒரு மணி நேரம் நான் வச்சிருக்கேன். நீ போய்ச் சாப்பிட்டுத் தூங்கு"ன்னு சொல்லுங்க. அப்பாக்களே, இதை முதல்ல சொல்ல வேண்டியது நீங்க.

22/
போன வாரம் அந்த வீட்டுக்கு மறுபடி போனேன். களத்துல மிளகாய் வத்தல் காயுது, வாசல் வரைக்கும் நெடி. உள்ளே ஒரே நீளத்துக்குப் பாய் விரிச்சு அஞ்சு பேரும் படுத்திருக்காங்க. அப்பத்தா பக்கத்துல இன்னைக்கு யார் முறைன்னு சண்டை. சின்ன மருமக திண்ணையில உட்கார்ந்து தட்டை மடியில வச்சு நிதானமா சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. கடைக்குட்டி பெரியப்பா தோள்ல தூங்கியாச்சு.

உங்க வீட்டுல இன்னைக்கு ராத்திரி அம்மா எப்ப சாப்பிட்டாங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.