வெளிச்சத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்



சென்ற இதழில் குளிர்கால ரயர் வாங்குவது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, கனடாவுக்கு வந்து இன்னும் இரண்டு வருடமாகாத ஒருவர் வேலைத்தலத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, மகன் கேம் விளையாடவும் வீடியோ எடிற் பண்ணவும் கொம்பியூட்டர் கேட்டு நிக்கிறான். எதை வாங்கிறது?" என்றார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நான் ஓ.எல்.லோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் இந்த விஷயத்தில் காசைக் கொடுத்துப் பாடம் படித்தவன்.

முதலில் நாங்கள் வாங்கியது, முன்பின் தெரியாத ஒருவர் விற்ற பாவித்த "கேமிங் கொம்பியூட்டர்". விலை 650 டொலர். கண்ணாடிப் பெட்டி, உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று லைட். அஜின்கோர்ட்டில் எங்கள் அப்பார்ட்மென்டுக்குள் கோயில் திருவிழா வந்தது போல இருந்தது. மகளின் சாமத்தியவீட்டு வீடியோவை மகன் அதில் வெட்டி ஒட்டத் தொடங்கினான். விசா கிடைக்காததால் வரமுடியாமற்போன என் அம்மாவுக்கு, யாழ்ப்பாணத்துக்கு அனுப்பத்தான் அந்த அவசரம். மூன்றாம் கிழமை ஓர் இரவு கருகல் மணம் வந்தது. பவர் சப்ளை எரிந்து, மதர்போர்ட்டையும் டிஸ்க்கையும் தன்னோடு கொண்டு போய்விட்டது. வீடியோக்காரர் தந்த மூலப்பிரதி கையில் இருந்தபடியால் தப்பினோம். மகனின் மூன்று கிழமை வேலையும் என் ஓவர்டைம் காசும் போனது போனதுதான்.

பிறகு ஒவ்வொரு பாகமாகத் தேடி, மகனும் நானும் குசினி மேசையில் வைத்துப் பூட்டினோம். அப்போதுதான் ஒன்று விளங்கியது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு மெசின் மெதுவாக ஓடினால், மற்ற மெசின்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் முழு லைனும் அந்த மெதுவான மெசினின் வேகத்தில்தான் போகும். கொம்பியூட்டரும் அப்படித்தான். ஒரு பாகத்தில் காசைக் கொட்டி, இன்னொன்றில் பிச்சைக்காரத்தனம் பார்த்தால் கொட்டிய காசும் வீண்.

புரொசசர்: 6 கோர் உள்ளது போதும். நாங்கள் போட்டது 2022இல் வந்த ரைசன் 5 5600. இது 2016இல் வந்த ஏ.எம்.4 வகை மதர்போர்ட்டில் பூட்டுவது, டி.டி.ஆர்.4 மெமரி எடுப்பது. 2022இல் வந்த ஏ.எம்.5 வகைக்கு டி.டி.ஆர்.5 மெமரிதான் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இன்னொன்று: இந்தப் புரொசசர் தானாகத் திரையில் படம் காட்டாது. இன்ரெல்லில் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருப்பவையும் அப்படியே. கிராபிக்ஸ் கார்ட் கட்டாயம்.

கிராபிக்ஸ் கார்ட்: கேமுக்கு முக்கியமானது இது. பாவித்த ஆர்.டி.எக்ஸ் 3060 வாங்கினோம். 2021இல் வந்தது, 12 ஜிபி மெமரி உள்ளது. அதே பெயரில் 8 ஜிபி மெமரியோடும் ஒன்று உண்டு. அது வேகம் குறைந்தது. பெயரை மட்டும் பார்த்துக் காசை நீட்டாதீர்கள். பாவித்ததென்றால் விற்பவரின் முன்னாலேயே அரை மணித்தியாலம் ஒரு கேமை ஓட்டிப் பாருங்கள்.

மெமரி: 16 ஜிபிக்குக் குறைய வேண்டாம். 4கே வீடியோ வெட்டுவதென்றால் 32 ஜிபி நல்லது. ஒரே துண்டாக வாங்காமல் இரண்டு துண்டாக வாங்கிப் போட்டால் வேகம் கூடும். செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் அள்ளிக்கொண்டு போனதால் 2025 இறுதியில் மெமரி விலை பயங்கரமாக ஏறியது. ஆகவே வாங்கும் நாளில் புதியது, பாவித்தது இரண்டின் விலையையும் பாருங்கள்.

டிஸ்க்: ஓடுவதற்கு 1 டெராபைட் எஸ்.எஸ்.டி. போனில் எடுக்கும் 4கே வீடியோ ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 10 முதல் 20 ஜிபி பிடிக்கும். முடிந்த வேலையைத் தனியான ஒரு டிஸ்க்கிலும் பிரதி எடுத்து வையுங்கள். நாங்கள் அழுது படித்தது இது.

பவர் சப்ளை: இதை மட்டும் பாவித்ததாக வாங்கவே வேண்டாம். 650 வோட், ஐந்து வருடத்துக்குக் குறையாத உத்தரவாதம், சி.எஸ்.ஏ அல்லது யு.எல் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். "80 பிளஸ்" என்று எழுதியிருப்பது மின்சாரம் எவ்வளவு வீணாகாது என்பதைத்தான் சொல்லும். பாதுகாப்புக்கு அது சாட்சியில்லை.

பெட்டி சாதாரணமானது போதும். லைட் வேண்டாம். எடிற் பண்ண டாவின்சி ரிசோல்வ் இலவசப் பதிப்பே எங்களுக்குப் போதுமாக இருக்கிறது. மொனிட்டர் இல்லாமல், 13 வீத வரியையும் சேர்த்து எங்களுக்கு முடிந்தது 940 டொலர்.

யாராவது பழைய ஒபிஸ் கொம்பியூட்டர் மலிவாகத் தருகிறேன் என்றால், விண்டோஸ் 11 ஏறுமா என்று முதலில் கேளுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விலை கேட்க வடக்கே ஸ்டீல்ஸும் கெனடியும் சந்திக்கும் இடத்திலுள்ள பசிபிக் மோலுக்கு ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள். பார்ப்பதற்குக் காசில்லை. அன்றைக்கே வாங்கவும் வேண்டாம். விலையை எழுதிக்கொண்டு வந்து வீட்டில் இருந்து யோசியுங்கள்.

வீடியோ ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அம்மா மூன்று தரம் போட்டுப் பார்த்தாவாம். "பேத்தி சீலையில நல்ல வடிவு. ஆனா நீ ஏன் இப்பிடி மெலிஞ்சு போனாய்?" என்று போனில் கேட்டா. ஓவர்டைம் கதையை நான் சொல்லவில்லை.

உங்கள் கேள்விகளை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.