மண்டையிடிக்குப் பனடோல் மட்டும்தானா?

"மண்டையிடி", "கழுத்துப் பிடிப்பு", "இடுப்பு வலி" என்று நம் தோட்டங்களில் தனித்தனியாகச் சொல்கிறோம். தலைக்குப் பனடோல், கழுத்துக்குச் சித்தாலேப, இடுப்புக்குப் பொறுமை. ஆனால் இவை பல வேளைகளில் ஒன்றாகவே வருகின்றன.

ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குக் கழுத்து, முதுகு, தாடை மூட்டு வலிகளும், உடம்பெங்கும் பரவும் தசைவலியும் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகின்றன. ஓயாத வலியால் நரம்புகள் கூருணர்வு பெற்று, சிறு அழுத்தத்தையும் வலியாகவே காட்டத் தொடங்குகின்றன. தூக்கமின்மையும் மனச்சோர்வும் கூடவே சேர்கின்றன. ஒற்றைத் தலைவலி ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். கொழுந்து மலையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

நமது வேலை இந்த நோய்க்கு வழிவிடுகிறது. பால்வெட்டுபவர் விடியுமுன் எழுந்து, வெறும் தேத்தண்ணீரோடு மரத்துக்கு மரம் குனிந்தும் அண்ணாந்தும் வெட்டுகிறார். கொழுந்தெடுப்பவர் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, பாரத்தைக் கழுத்தால் தாங்குகிறார். மலையில் மலசலகூடம் இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடும் பெண்கள் எத்தனை பேர்! பசி, தாகம், தூக்கக் குறைவு, வெயில் ஆகிய நான்கும் ஒற்றைத் தலைவலியைத் தூண்டுபவை.

மாத்திரையிலும் கவனம் தேவை. தலைவலிக்காரர் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பனடோல் போட்டு, அது மூன்று மாதத்தைத் தாண்டினால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும். அடிக்கடி வரும் தலைவலியைத் தடுக்க வேறு மருந்துகள் உண்டு. அவற்றை வைத்தியரே தரவேண்டும்.

இன்னொன்று. காய்ச்சலோடு தலைவலியும் உடம்புவலியும் வந்தால் அது வேறு கதை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் எலிக்காய்ச்சலும் டெங்குவும் உண்டு. வேறு வலி மாத்திரைகளைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். திடீரென வரும் கடும் தலைவலி, கை கால் விளங்காமை, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இருந்தாலும் தாமதம் கூடாது.

தெரிந்திருந்தும் ஏன் நாம் வேலைக்குப் போகிறோம்? போகாத நாளுக்குப் பேர் விழாது. பாதியில் திரும்பினால் அரைப்பேர். 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயர்த்தவும், வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் 200 ரூபா ஊக்கத்தொகை வழங்கவும் யோசனை வைத்தது. உயர்வை வரவேற்கிறோம். ஆனால் வருகைக்குப் பணம் கட்டப்படும்போது, வலியோடு படுத்திருக்கும் நாள் இன்னும் விலை கூடிய நாளாகிறது.

ஒற்றைத் தலைவலி ஸ்கேனில் தெரியாது. நோயாளி சொல்லும் விபரமே வைத்தியருக்குச் சாட்சி. எந்தப் பக்கம், எப்படி, எத்தனை மணி நேரம், வாந்தி வந்ததா என்று சொல்லவேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அப்படியிருந்தும் அரைகுறைச் சிங்களத்தில் "இசே கக்குமய்" என்று மட்டும் சொல்லிவிட்டு நமது தாய்மார் திரும்புகிறார்கள். மொழி இல்லாத இடத்தில் நோயும் இல்லாமல் போகிறது.

ஆகவே நாம் கேட்பது இவை: மலையில் குடிதண்ணீரும் மலசலகூடமும் வேண்டும். சுமை தூக்கும் தூரம் குறையவேண்டும். வைத்தியர் உறுதிப்படுத்திய வலிக்கு, சம்பளம் வெட்டாத ஓய்வு வேண்டும். தோட்ட வைத்திய உதவியாளர் ஒவ்வொரு வலியையும் பதிவேட்டில் எழுதவேண்டும். இரு மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் கிளினிக் நாட்களில் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கவேண்டும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் இம்மாதக் கூட்டத்தில் இதை எடுக்கவேண்டும். தலைவலி உள்ள சகோதரிகள் வலித்த நாளையும், போட்ட மாத்திரையையும் பிள்ளையின் பழைய கொப்பியில் குறித்து வாருங்கள். அது வைத்தியருக்கும் உதவும். பேச்சுவார்த்தை மேசையில் சங்கத்துக்கும் உதவும்.