பழைய இரும்பின் புகழ்

பழவேற்காட்டில் இரண்டு பேர் ஒரு புல்லட்டின் பக்கத்தில் நின்றால், மூன்றாவதாக ஒரு தீர்ப்பும் வந்து நிற்கும்: "பழசு இரும்பு, புதுசு தகரம். ஐஷர்காரன் வாங்கினான், எல்லாம் போச்சு." கோட்டைக்குப்பத்தில் சொல்வார்கள், பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்திலும் சொல்வார்கள். இன்ஸ்டாகிராமில் இருபத்திரண்டு வயதுப் பையன்களும் இதையே சொல்கிறார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் சேர்ந்த காலத்திலேயே அந்தப் பழைய வார்ப்பிரும்பு என்ஜினுக்கு மூடுவிழா நடந்துவிட்டது. இந்தத் தீர்ப்பு தப்பு. சும்மா தப்பு இல்லை, ஒருத்தர் உழைப்பை எடுத்து இன்னொருத்தர் கணக்கில் எழுதுகிற தப்பு.

கம்பெனியின் பெயரே துப்பாக்கியிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்கிற ஊரில் இருந்தவர்கள், என்ஃபீல்டில் இருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலைக்கு ரைஃபிள் பாகங்கள் செய்து கொடுத்தார்கள். அந்தப் பெருமையில் 1893 வாக்கில் ராயல் என்ஃபீல்ட் என்ற பெயர் வந்தது. முத்திரையில் பீரங்கி, 'துப்பாக்கி போலச் செய்தது' என்று ஒரு வாசகம். ராணுவ ஆர்டரை நம்பி 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து திருவொற்றியூரில் தொழிற்சாலை போட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து பொன்னேரி, மீஞ்சூர் தாண்டிப் போனால் வந்துவிடும். முதலில் பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து பூட்டினார்கள், 1962-இல் முழு வண்டியும் இங்கேயே. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடியது, சில ஆண்டுகளில் தாய்க் கம்பெனியும் போய்ச் சேர்ந்தது. பிள்ளை மட்டும் வடசென்னையில் அதே வண்டியை, அதே அச்சில், முப்பது நாற்பது வருஷம் செய்துகொண்டிருந்தது.

நாம் அழுது புலம்புகிற தங்கக் காலம் இதுதான். அந்தக் காலத்து புல்லட்டைப் பற்றி அதன் பக்தர்களே சொல்லிச் சிரிக்கும் ஜோக் என்ன? ஆயில் ஒழுகுவது நின்றால் ரிப்பேர் ஆகிவிட்டது என்று சந்தோஷப்படாதே, ஆயில் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆம்பியர் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, சாமி கும்பிட்டு ஒரு உதை. தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கால் வீங்கும். பிளாட்டினம் பாயிண்டைத் தேய்த்துவிட வேண்டும், டேப்பட் பார்க்க வேண்டும், கிளட்ச் கேபிள் அறுந்தால் ஸ்பேர் கேபிள் டூல் பாக்ஸிலேயே இருக்க வேண்டும். உப்புக்காற்று ஊர் என்றால் ஸ்போக்கும் ஒயரிங்கும் தனிக் கதை.

ஆனாலும் வண்டி ஓடியது. ஓட வைத்தது யார்? மரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்த மெக்கானிக். கேஸ்கெட் கிடைக்காவிட்டால் அட்டையில் வெட்டிக்கொண்டவர், சத்தத்தை வைத்தே டேப்பட் இடைவெளியைச் சொன்னவர். தொழிற்சாலை அரைகுறையாக விட்ட வேலையை ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் சம்பளமில்லாமல் முடித்துக்கொண்டிருந்தார். அந்தத் தரத்தைத்தான் நாம் 'இரும்பு' என்கிறோம். அது கம்பெனியின் தரமே இல்லை.

(எங்கள் குப்பங்களில் புல்லட் என்பது ஏலக்காரருக்கும் போட் ஓனருக்கும் உரியது. மடவையையும் நண்டையும் ஐஸ் பெட்டியில் கட்டி பொன்னேரி வரைக்கும் சுமந்தது டிவிஎஸ் 50. அதற்கு யாரும் கவிதை எழுதவில்லை.)

இப்போது கைமாறிய கதைக்கு வருவோம். டிராக்டர் செய்துகொண்டிருந்த ஐஷர் 1990-இல் பங்கு வாங்கி, 1994-இல் கம்பெனியை முழுக்க எடுத்துக்கொண்டது. உடனே தரம் ஏறியதா? இல்லை. 2000-இல் நஷ்டம் தாங்காமல் விற்கலாமா, மூடலாமா என்று யோசிக்கும் நிலைமை. முதலாளி வீட்டுப் பிள்ளை சித்தார்த்த லால், இருபத்தாறு வயது, கொஞ்சம் டைம் கேட்டு வாங்கினார். ஜெய்ப்பூர் ஆலையை மூடினார், சென்னையை வைத்துக்கொண்டார். ஆஸ்திரியாவின் ஏவிஎல் உதவியோடு அலுமினிய என்ஜின் வந்தது. பிறகு 2008-09-இல் என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த புது என்ஜின், அதோடு கிளாசிக். வலது காலில் இருந்த கியர் இடது காலுக்குப் போனது, 'துரோகம்' என்று கத்தினோம். ஆயில் ஒழுகல் பெருமளவு நின்றது, அதைப் பற்றி யாரும் கத்தவில்லை.

கைமாறியதிலிருந்து எண்ணினால் பதினைந்து வருஷம். தரம் திரும்பி வருமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: திரும்பி வராது, ஏனென்றால் அது அங்கே முதலில் இருந்ததே இல்லை. புதிதாகச் செய்ய வேண்டும். செய்தார்கள்.

நிஜத் துப்பாக்கியிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் 1870-இல் தொடங்கிய மார்லின் என்கிற ரைஃபிள் கம்பெனியை 2008-இல் ரெமிங்டன் எடுத்துக்கொண்டது. கனெக்டிகட்டில் இருந்த ஆலையை மூடி, உற்பத்தியை நியூயார்க் மாநிலத்து இலியனுக்கு மாற்றினார்கள். மெஷின் லாரியில் போகும், கை போகுமா? தேய்ந்துபோன மெஷினில் எங்கே ஒரு இழை கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்பது பழைய ஆட்களின் விரலில் இருந்தது, வரைபடத்தில் இல்லை. வந்த துப்பாக்கிகளில் குறிமுனை கோணல், மரம் இரும்போடு பொருந்தவில்லை. வாங்கியவர்கள் வெறுத்துப்போய் 'ரெம்லின்' என்று பெயர் வைத்தார்கள். 2020-இல் ரெமிங்டன் திவாலாகி, மார்லின் பெயரை ரூகர் ஏலத்தில் எடுத்தது. எடுத்த வேகத்தில் விற்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து உற்பத்தி முறையையே மறுபடி அமைத்து, 2021 கடைசியில்தான் முதல் துப்பாக்கியை வெளியே விட்டது. பெயரை மட்டும் வாங்கியவன் கெடுத்தான், பெயரை நம்பாமல் வேலையை முதலிலிருந்து செய்தவன் நிமிர்த்தினான். இரண்டு பேருமே கார்ப்பரேட்தான்.

'ரீகால் வந்ததே, அது என்ன தரம்?' என்று கேட்பார்கள். வந்தது. 2021 மே மாதம் இக்னிஷன் காயில் கோளாறுக்காக 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பிரேக் பாகம் ஒன்றுக்காக 26,300 கிளாசிக். கோபப்பட வேண்டிய எண்ணிக்கைதான். ஆனால் 1980-களில் ரீகாலே கிடையாது. இந்தியாவில் வாகனக் கம்பெனிகள் தாங்களாக முன்வந்து திரும்ப அழைக்கும் ஏற்பாடே 2012-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் ஊர் ஊராக ரீகாலைச் செய்தது அதே மரத்தடி மெக்கானிக்தான், கம்பெனி பைசா தராமல்.

இவ்வளவு சொல்லிவிட்டு நான் கம்பெனிக்குக் கொடி பிடிக்கவும் தயாராக இல்லை. ஆலைக்குள் தரம் ஏறிய அதே காலத்தில், அதுவரை தரத்தைச் சுமந்தவர் வெளியே தள்ளப்பட்டார். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததும் கார்புரேட்டர் போய், எரிபொருள் இன்ஜெக்‌ஷன், சென்சார், கம்ப்யூட்டர். காற்றுக்கு நல்லது, எண்ணூர்ப் புகையைச் சுவாசிக்கிற நான் அதை எதிர்க்க முடியாது. ஆனால் பொன்னேரி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சொன்னது: "எந்தக் கம்பெனி வண்டின்னாலும் இப்ப அப்படித்தான் தம்பி. வியாதி என்னன்னு வண்டிக்கே தெரியுது. எனக்குச் சொல்ல மாட்டேங்குது."

ஒரு காலத்தில் புல்லட்டில் டீசல் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? கிரீவ்ஸ் லம்பார்டினியின் ஒற்றை சிலிண்டர் என்ஜின் போட்டு ஓட்டினார்கள். அந்தக் குடும்பத்து என்ஜின்தான் எங்கள் கரையில் ஃபைபர் போட்டின் பின்னால் நீளத் தண்டோடு தொங்கியது. நடுக்கடலில் நின்றால் போட்டில் இருக்கிறவனே திறந்து பார்த்துச் சரிசெய்வான், செய்தே ஆக வேண்டும். வண்டியைப் பற்றி எங்கள் ஆட்கள் 'நல்ல மால்' என்று சொன்னால் அதில் இதுவும் அடக்கம்: கெட்டுப்போகாதது மட்டும் இல்லை, கெட்டால் என் கையில் அடங்குவது. இந்த இரண்டாவது பாதி ஷோரூம் கணக்கில் வருவதே இல்லை.

2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகள். கம்பெனிகள் தகவல் போட ஒரு இணையதளமும் வந்தது. இணையதளத்தைக் காட்டி முடித்துவிடக் கூடாது. கோளாறுக் குறியீடுகளின் முழுப் பட்டியல் தமிழில் வேண்டும். ஸ்கேனரும் அசல் பாகமும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கிடைக்கிற அதே விலையில் பழவேற்காட்டுப் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும். வெளியில் பார்த்த வண்டி என்பதற்காக வாரண்டியை மறுக்கக் கூடாது. வருஷத்துக்குப் பத்து லட்சம் வண்டிக்கு மேல் விற்கிற கம்பெனிக்கு, அதைப் போன்ற மற்றவர்களுக்கும், இது ஒரு விளம்பரப் படத்தின் செலவு. நாற்பது வருஷம் தங்கள் பேரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு இன்னும் கொடுக்காத கூலி என்று வைத்துக்கொள்ளட்டும்.