பழி தாயின் தலையில் விழாதிருக்க

தோட்டத்து லயத்தில் பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க, பின்னால் நின்று தட்டைத் தட்டுவார்கள். பிள்ளை திரும்பிவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. தரை அதிர்ந்ததாலோ நிழல் ஆடியதாலோகூட அது திரும்பியிருக்கலாம். இரண்டு வயதாகியும் பேச்சு வராவிட்டால், "அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று இன்னொரு வருடம் போகும். கேட்கவில்லை என்று உறுதியான பிறகு பழி தாய் மேல் விழும். கிரகணத்தன்று வெளியே போனாளாம், என்னவோ மாத்திரை போட்டாளாம்.

அந்தப் பழிக்கு மறுப்பு சொல்ல மரபணுச் சோதனையால் முடியும். அது கொழும்பில் வசதியுள்ளவர்களுக்கு மட்டும் என்றிருப்பது அநியாயம்.

கர்ப்பிணிகளைத் தாக்கும் ருபெல்லா ஒரு காலத்தில் பிள்ளைகளின் செவிப்புலனைப் பறித்த பெரிய காரணம். இலங்கையில் 1996இல் அதற்கான தடுப்பூசி வந்தது. 2020இல் அந்நோய் இங்கே ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. தொற்று விலக விலக, எஞ்சும் காரணங்களில் மரபணுவின் பங்கு கூடுகிறது.

காது நன்றாகக் கேட்கும் தாயும் தகப்பனும் ஒரே மரபணுவில் ஆளுக்கொரு பிழையைத் தெரியாமலே சுமந்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்து வந்த பிள்ளைக்குத்தான் கேட்காது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டும் குடும்பங்களில் இது கூடும். சொந்தமே இல்லாத தம்பதியருக்கும் வரும். இவ்வகையில் உலகமெங்கும் அதிகம் பேசப்படுவது ஜி.ஜே.பி.2 என்ற மரபணு. 1997இல்தான் அதற்கும் காது கேளாமைக்கும் உள்ள தொடர்பு தெரிந்தது. ஐரோப்பியரிடம் அதில் பரவலாக இருக்கும் பிழை வேறு, இந்திய ஆய்வுகளில் அதிகம் தென்பட்ட டபிள்யூ24எக்ஸ் வேறு. பதுளைப் பக்கத்துப் பசறை, ஹாலிஎல, நமுனுகுல தோட்டத்து மக்களின் வேர் தமிழ்நாட்டில். ஐரோப்பியப் பிழையை மட்டும் தேடும் சோதனை நம் பிள்ளைகளுக்கு உதவாது.

காரணம் தெரிந்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. ஜி.ஜே.பி.2 பிழையுள்ள பிள்ளைகளுக்கு, உட்காதில் பொருத்தும் கொக்லியர் கருவி பொதுவாக நல்ல பலன் தருகிறது. தாய்வழியாக வரும் இன்னொரு பிழை இருந்தால், ஜென்டமைசின் போன்ற மருந்தே காதைக் கெடுத்துவிடும். அந்தத் தாய்வழி உறவுகளையும் எச்சரிக்கலாம். பிறவிக் காது கேளாமையோடு இதயத் துடிப்பின் ஒழுங்கும் கெட்டு, திடீரென உயிரைப் பறிக்கும் அரிய நோய் ஒன்று 1957லேயே விவரிக்கப்பட்டது. அதைச் சந்தேகிக்க ஒரு ஈ.சி.ஜி. போதும். பிறவியிலேயே காது கேட்காத ஒவ்வொரு பிள்ளைக்கும் மரபணு முடிவுக்குக் காத்திராமல் அதை எடுத்துவிட வேண்டும்.

கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு தொடங்கியது 1983இல். ஆனால் பதுளையிலிருந்து அங்கே ரயிலில் போகப் பகல் முழுவதும் ஆகும். கொழுந்து பறிப்பவருக்கு அன்றைய சம்பளமும், மறுநாள் சம்பளமும் போகும். உண்மையில் பிரயாணம் போக வேண்டியது இரத்தம் மட்டும்தான். பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த இரத்தத் துளியைத் தைரொய்ட் சோதனைக்காக ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் வழக்கம் நம் வைத்தியசாலைகளில் ஏற்கெனவே இருக்கிறது. பதுளைப் பெரியாஸ்பத்திரியில் மாதிரி எடுத்து அனுப்பி, முடிவை அங்கேயே சொல்ல ஏற்பாடு செய்வது சுகாதார அமைச்சுக்கு மலையைப் புரட்டும் வேலையில்லை.

ஒரு நிபந்தனை. பிறந்து ஒரு மாதத்துக்குள் செவிப்புலன் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதே உலக நடைமுறை. அந்த ஏற்பாடு தோட்டம் வரை வராமல் மரபணுச் சோதனை மட்டும் வந்தால், காரணம் தெரிந்த பிள்ளையும் பேச்சில்லாமலே வளரும். மருத்துவமாது வீட்டுக்கு வரும் முதல் வாரங்களிலேயே காதைப் பற்றிய கேள்வி தொடங்க வேண்டும்.

முடிவைச் சொல்வதும் சிகிச்சையில் ஒரு பகுதி. தாயையும் தகப்பனையும் சேர்த்து உட்காரவைத்து, அவர்களுக்கு விளங்கும் தமிழில், பயிற்சி பெற்ற ஒருவர் சொல்ல வேண்டும். பிழை இரு பக்கத்திலிருந்தும் வந்தது என்பதை மாமியாரும் கேட்டால் இன்னும் நல்லது. அவரை அழைப்பதா என்று தாயே முடிவு செய்யட்டும். முடிவுக் காகிதம் தோட்டத்து ஒபீசுக்குப் போகக்கூடாது. பிழையைச் சுமந்தாலும் காது கேட்கும் அக்காவுக்கு நாளை வரன் பார்ப்பார்கள்; அவளுக்கு எந்த நோயும் இல்லை, அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறக்கூடாது.