கனடாவுக்குப் படிக்கப் போகிறவர்கள் போட வேண்டிய கணக்கு

ஒரு காலத்தில், மகனைச் சீமைக்கு அனுப்பிப் படிக்கவைப்பது என்றால் மிராசுதார் வீட்டிலும் பெரிய வக்கீல் வீட்டிலும்தான் நடக்கும். இப்போது அப்படி இல்லை. பஸ் கண்டக்டர் வீட்டிலும், பள்ளிக்கூட ஆசிரியர் வீட்டிலும் கனடா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா என்று பேச்சு நடக்கிறது. பையன் மட்டும் அல்ல, பெண்ணும் போகிறாள். பணத்துக்குப் பாங்கு இருக்கிறது. பாங்கில் வைக்க வீட்டுப் பத்திரம் இருக்கிறது.

அந்தப் பத்திரம் பத்திரமாக வீடு திரும்புமா என்பதுதான் கேள்வி.

கனடா விஷயத்தில் இந்தக் கேள்வி இப்போது மிகப் பெரிதாகிவிட்டது. "எதிர்வீட்டுப் பையன் போனான். இரண்டே வருஷத்தில் நிலைத்துவிட்டான்" என்று சொல்லிக் கடன் வாங்குகிறவர்கள் உண்டு. எதிர்வீட்டுப் பையன் போனது 2021-லோ 2022-லோ இருக்கும். அதன் பிறகு கனடா அரசாங்கம் ஏறக்குறைய எல்லா விதிகளையும் மாற்றிவிட்டது.

கதவு ஏன் குறுகியது?

கனடா, பரப்பில் உலகத்திலேயே இரண்டாவது பெரிய நாடு. ஆனால் ஜனத்தொகை சுமார் 4 கோடிதான். தமிழ்நாட்டைவிடக் குறைவு.

அங்கே வெளிநாட்டு மாணவன் என்றால் கல்லூரிக்கு வருமானம். 2024-25-ம் ஆண்டில் பட்டப்படிப்புக்கு உள்நாட்டு மாணவன் கட்டியது சராசரியாக 7,360 டாலர். வெளிநாட்டு மாணவன் கட்டியது 40,114 டாலர். ஐந்து மடங்குக்கும் மேல்! ஆகவே கல்லூரிகள் போட்டி போட்டுக்கொண்டு ஆட்களை இழுத்தன. 2023 முடிவில் படிப்பு அனுமதியுடன் அங்கே இருந்த வெளிநாட்டவர்கள் 10 லட்சத்துக்கு மேல். பத்துப் பேரில் நாலு பேர் இந்தியர்கள்.

இத்தனை பேரும் தங்க இடம் வேண்டுமே! வீட்டு வாடகை ஏறியது. உள்ளூர் ஜனங்கள் முணுமுணுத்தார்கள். சில தனியார் கல்லூரிகள் பாடம் நடத்துவதை விட்டுவிட்டு, டிப்ளமாவை அச்சடித்து விற்கும் கடைகளாகிவிட்டன என்ற புகாரும் கிளம்பியது. குடியேற்றத்துறை மந்திரியாக இருந்த மார்க் மில்லரே 2023 டிசம்பரில், அந்தக் கல்லூரிகளை நாய்க்குட்டிகளை வகைதொகை இல்லாமல் பெருக்கி விற்கும் இடங்களுக்கு ஒப்பிட்டுப் பேசினார்.

2024 ஜனவரி 22-ந் தேதி அவரே உச்சவரம்பை அறிவித்தார். அந்த ஆண்டு மாணவர் அனுமதியை 35 சதவீதம் குறைப்பதாகச் சொன்னார். அதற்கு அடுத்த ஆண்டும் வெட்டு விழுந்தது. 2026-ல் புதிதாக வரும் மாணவர்களுக்கு வைத்த அளவு 1,55,000 பேர்தான். இது இந்தியாவுக்கு மட்டும் அல்ல, உலகம் முழுவதற்கும்.

விளைவு என்ன தெரியுமா? 2023 ஆகஸ்டில் கல்லூரிப் படிப்புக்காக இந்திய மாணவர்கள் போட்ட மனுக்களில் நூற்றுக்கு 32 தள்ளுபடி ஆயின. 2025 ஆகஸ்டில் நூற்றுக்கு 74 தள்ளுபடி ஆயின.

வேறு மாற்றங்களும் உண்டு. மனுவை விரைவாகக் கவனித்து முடிக்கும் தனி வழி ஒன்று இந்திய மாணவர்களுக்கு இருந்தது. அதை 2024 நவம்பர் 8-ந் தேதி மூடிவிட்டார்கள். மாகாண அரசாங்கத்தின் சான்றுக் கடிதம் ஒன்றும் இப்போது வேண்டும். அரசாங்கக் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் முதுகலைப் படிப்பு, ஆராய்ச்சிப் படிப்பு படிப்பவர்களுக்கு மட்டும் 2026 ஜனவரி முதல் இந்தக் கடிதம் தேவை இல்லை. டிப்ளமா படித்தால், படிப்பு முடிந்தபின் வேலை பார்க்கும் அனுமதி எல்லாப் பாடத்துக்கும் கிடைக்காது. அரசாங்கத்தின் பட்டியலில் உள்ள துறையாக இருக்கவேண்டும். மனைவியையோ கணவனையோ வேலை அனுமதியோடு அழைத்துக்கொள்வதும் எளிது அல்ல. முதுகலை என்றால் 16 மாதமாவது நீடிக்கும் படிப்பாக இருக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒன்று புரியும். பட்டம் பெற்று, நல்ல பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புக்குப் போகிறவனுக்குக் கதவு இன்னும் திறந்திருக்கிறது. ஏதாவது ஒரு டிப்ளமாவில் நுழைந்து, பிறகு எப்படியாவது தங்கிவிடலாம் என்று புறப்படுகிறவனுக்குத்தான் கதவு ஏறக்குறைய சாத்தப்பட்டுவிட்டது. பெற்றோர்களிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லும் முகவர்கள் குறைவு.

பகுதிநேர வேலை காப்பாற்றுமா?

"அங்கே போனதும் பகுதிநேர வேலை பார்த்துச் செலவைச் சமாளித்துக்கொள்வான்." ஏறக்குறைய எல்லா வீட்டிலும் சொல்லப்படும் வார்த்தை இது. கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு மாணவன் ஓராண்டு சாப்பிட்டு, வாடகை கொடுத்து வாழக் கையில் இவ்வளவு பணம் காட்டவேண்டும் என்று கனடா அரசாங்கம் ஒரு தொகை வைத்திருக்கிறது. வெகுகாலம் அது 10,000 டாலராக இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் 20,635 டாலர் ஆனது. 2025 செப்டம்பர் 1 முதல் 22,895 டாலர். (கியூபெக் மாகாணத்துக்கு மட்டும் வேறு கணக்கு.) இது கல்லூரிக் கட்டணம் சேராமல், விமானக் கட்டணம் சேராமல், வாழ்க்கைச் செலவு மட்டும். ஒரு கனடா டாலரை 60 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் சுமார் 13 லட்சத்து 74 ஆயிரம் ரூபாய்.

இனி வரவு. கல்லூரி நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 24 மணி நேரந்தான் வெளியே வேலை செய்யலாம். டொராண்டோ நகரம் இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில், 2025 அக்டோபர் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17 டாலர் 60 செண்ட். வாரத்துக்கு 422 டாலர் 40 செண்ட் ஆகிறது. 52 வாரமும், காய்ச்சல் தலைவலி என்று ஒரு நாள்கூட நாகா இல்லாமல் வேலை செய்தாலும், ஓராண்டுக்கு 21,965 டாலர்.

அதாவது, அரசாங்கமே சொல்லும் சாப்பாட்டு, வாடகைச் செலவுக்குக்கூட ஏறக்குறைய ஆயிரம் டாலர் துண்டு விழுகிறது. கல்லூரிக் கட்டணத்துக்கு ஒரு காசு மிச்சம் இல்லை. வீட்டுக் கடனுக்கு அனுப்புவது என்ற பேச்சே இல்லை.

நீண்ட விடுமுறையில் முழுநேரம் வேலை செய்ய அனுமதி உண்டு. அது கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் வேலை கிடைக்கவேண்டுமே! 2025 ஜூலையில் கனடாவில் வேலை தேடிய 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களில், நூற்றுக்கு 14 பேருக்கு மேல் வேலை கிடைக்காமல் இருந்தார்கள். போய் இறங்கிய மாதமே கடையில் வேலை கிடைத்துவிடும் என்று எண்ணுவது சரி அல்ல. அனுமதித்த நேரத்துக்கு மேல், ரகசியமாகக் கையில் கூலி வாங்கி வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பிடிபட்டால் படிப்பும் போகும். இனிமேல் அந்த நாட்டில் கால் வைப்பதும் சிரமம்.

முதல் ஆண்டில் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்க மாட்டான் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடவேண்டும். சம்பாதித்தால் லாபம்.

கடன் எப்படி வளர்கிறது?

கல்விக் கடன் ஏழரை லட்சம் ரூபாய் வரை, பெரும்பாலும் சொத்து ஈடு இல்லாமல் பாங்குகளில் கிடைக்கும். அதற்கு மேல் என்றால் வீடு, நிலம் என்று ஏதாவது கேட்பார்கள். படிக்கும் காலமும், அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்டவேண்டியது இல்லை என்பார்கள். பல பெற்றோர் இதை வட்டியே இல்லாத காலம் என்று எண்ணிவிடுகிறார்கள். வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

25 லட்சம் ரூபாய் கடன். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு இரண்டு ஆண்டு, பிறகு ஓராண்டு. தனி வட்டியாகக் கணக்கிட்டாலும் மூன்று ஆண்டில் வட்டி மட்டும் ஏழரை லட்சம். கடன் 32½ லட்சம் ஆகிவிடுகிறது. இதைப் பத்து ஆண்டில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 43,000 ரூபாய்.

மகனுக்குக் கனடாவில் நல்ல வேலை கிடைத்தால் இது ஒரு பாரமே அல்ல. கிடைக்காமல் ஊர் திரும்பினால்? இங்கே அவன் வாங்கும் சம்பளத்திலும், தந்தையின் சம்பளத்திலும் இந்த 43,000-ஐ எடுத்துவைக்க முடியுமா? முடியும் என்றால் துணிந்து அனுப்பலாம். முடியாது என்றால் வேறு வழி பார்க்கலாம். ஜெர்மனியில் பெரும்பாலான அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது. அங்கேயும் வாழ்க்கைச் செலவுக்குப் பணம் காட்டவேண்டும். ஆனால் கடன் பாதியாகக் குறையும். தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு மத்திய அரசாங்கத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. விவசாயக் கூலிகளின் பிள்ளைகளும் இதற்கு மனுச் செய்யலாம். கேட்டு வாங்காதவர்களே அதிகம்.

கடிதம் உண்மைதானா?

2023-ல் கனடாவையே உலுக்கிய விவகாரம் ஒன்று உண்டு. முக்கியமாகப் பஞ்சாபைச் சேர்ந்த மாணவர்கள் அதில் சிக்கினார்கள். முகவர் கொடுத்த கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தைக் காட்டி விசா வாங்கினார்கள். விமானம் ஏறினார்கள். போய் இறங்கியதும் "அந்தக் கல்லூரியில் இடம் இல்லை, வேறு கல்லூரியில் சேர்ந்துகொள்" என்று முகவர் சொன்னார். அப்படியே சேர்ந்தார்கள், படித்தார்கள், சிலர் வேலைக்கும் போனார்கள். சில ஆண்டுகள் கழித்து, நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டபோதுதான் குண்டு விழுந்தது. "நீங்கள் முதலில் காட்டிய கடிதம் போலி. நாட்டை விட்டு வெளியேறவேண்டும்" என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

பிள்ளைகள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் யார், தெரிந்தே செய்தவர்கள் யார் என்று ஒவ்வொருவராக விசாரிக்கக் கனடா அரசாங்கம் ஒரு குழு போட்டது. கடிதங்களைக் கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்கும் முறை 2023 டிசம்பர் 1 முதல் வந்தது. போலிக் கடிதம் இனி எளிதில் நுழையாது. ஆனால் நுழையாமல் திரும்பி வருவது மாணவனின் மனுதான். முகவருக்குக் கொடுத்த பணம் திரும்பி வருமா?

அதனால் கடிதம் கைக்கு வந்ததும், கல்லூரியின் சொந்த முகவரிக்கே எழுதி, மாணவன் பெயரில் உண்மையில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடவேண்டும். முகவர் கொடுக்கும் முகவரிக்கு எழுதிக் கேட்டால், முகவரே பதில் எழுதுவார்! வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கத் தகுதி உள்ள கல்லூரிகளின் பட்டியலைக் கனடா அரசாங்கம் வெளியிட்டிருக்கிறது. அதில் பெயர் இல்லாத கல்லூரிக்குப் பணம் கட்டக்கூடாது. விசா மறுக்கப்பட்டால் முன்பணத்தில் எவ்வளவு திருப்பிக் கொடுப்பார்கள் என்பதையும், கட்டுவதற்கு முன்னாலேயே எழுத்தில் வாங்கவேண்டும். நூற்றுக்கு 74 மனு தள்ளுபடியான காலத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

மாணவன் பொய் சொல்லி மனுப் போட்டால் ஐந்து ஆண்டு அந்த நாட்டுக்குள் நுழையத் தடை வரலாம். முகவர் நிரப்பினாலும், கையெழுத்து மாணவனுடையது. எனவே நிரப்பிய மனுவை வரிக்கு வரி படிக்காமல் அனுப்ப விடக்கூடாது.

பெட்டியில் என்ன வைப்பது?

புறப்படுமுன் பல், கண் இரண்டையும் இங்கேயே சோதித்துக்கொள்ளவேண்டும். அங்கே பல் வைத்தியத்துக்கு ஆகும் செலவு தலையைச் சுற்றவைக்கும். ஒண்டாரியோவில் வெளிநாட்டு மாணவர்களுக்கு மாகாண அரசாங்கத்தின் இலவச வைத்தியம் கிடையாது; தனியாகக் காப்பீடு கட்டவேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டு ஜோடி எடுத்துப் போவது நல்லது.

அரிசி, புளி, மிளகாய்ப் பொடி என்று மூட்டை கட்டவேண்டாம். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஈழத் தமிழர்கள் பெருந்திரளாக வாழ்கிறார்கள். இடியாப்பம் முதல் கறிவேப்பிலை வரை அங்கே வாங்கலாம். கனத்த குளிர்க்கோட்டையும் இங்கே வாங்கிக் காசை வீணாக்கவேண்டாம். வின்னிபெக் நகரத்தில் ஜனவரியில் தண்ணீர் உறையும் நிலைக்கும் கீழே 20 டிகிரி, 30 டிகிரி என்று இறங்கும். ஊட்டிக்கு வாங்கும் கம்பளிச் சட்டை அங்கே பனியன் மாதிரிதான்!

கைப்பையில் வைக்கவேண்டியவை காகிதங்கள். விசா வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். படிப்பு அனுமதிப் பத்திரம் கனடா விமான நிலையத்தில்தான் கொடுக்கப்படுகிறது. கல்லூரிக் கடிதம், பணம் இருப்பதற்கான சான்று, அனுமதி வழங்க ஒப்புக்கொண்ட கடிதம் எல்லாவற்றையும் அங்கே அதிகாரி கேட்பார். அவை சரக்குப் பெட்டிக்குள் போய்விட்டால் தவிக்க நேரிடும்.

பத்திரம் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படிக்கவேண்டும். பெயரின் எழுத்துக்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கின்றனவா? முடிவுத் தேதி படிப்புக் காலத்துக்குப் போதுமா? வேலை செய்யலாம் என்ற வரி அதில் இருக்கிறதா? இல்லாவிட்டால், அந்த மேஜையை விட்டு நகருமுன் அதிகாரியிடம் சொல்லித் திருத்தி வாங்கிக்கொள்ளலாம். வெளியே வந்துவிட்டால், மனு எழுதிப் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும்.