வரவு மட்டும் எழுதும் பேரேடு

'இயற்கைதானே சார், பக்கவிளைவே கிடையாது!'

இதைச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். அரளி விதையும் இயற்கைதான்.

2020 ஊரடங்கின்போது எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் ஒரு பெரியவர் சீந்தில் கொடி வளர்த்தார். வடக்கே 'கிலோய்' என்பார்கள். நம்மூரில் அமிர்தவல்லி என்றும் ஒரு பெயர் உண்டு. தினம் காலையில் ஆளுக்கு ஒரு சாண் தண்டு விநியோகம். 'இம்யூனிட்டி சார்!' என்று என் கையிலும் திணித்தார். நானும் மூன்று வாரம் கஷாயம் வைத்துக் குடித்தேன். வாய்க்குக் கசந்தால் உடம்புக்கு நல்லது என்பது நமக்கெல்லாம் பிறவி நம்பிக்கை ஆயிற்றே!

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், மும்பையில் சிலருக்கு ஆனது. சீந்தில் குடித்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு என்று டாக்டர்கள் 2021-ல் எழுதினார்கள். 2022-ல் பல ஊர் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 43 பேரின் விவரத்தை வெளியிட்டன. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடப் போய், அது சொந்தக் கல்லீரலையே எதிரி என்று நினைத்துத் தாக்கியிருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு.

ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. சீந்தில் பாதுகாப்பானது, இவர்கள் குடித்தது அதன் பங்காளிக் கொடியான டினோஸ்போரா கிரிஸ்பாவாக இருக்கலாம் என்றது. இரண்டுக்கும் இலை இதய வடிவம்தான். கிரிஸ்பாவின் தண்டில் மொட்டு மொட்டாகப் புடைப்பு இருக்கும், பால் வரும்.

சரி, அமைச்சகம் சொல்வதே உண்மை என்று வைத்துக்கொள்வோம். சீந்தில் என்று விற்கிற தண்டு சீந்தில்தானா என்று யார் பார்க்கிறார்கள்? எங்கள் மொட்டை மாடியில் யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஆக, டாக்டர்கள் சொன்னது சரியென்றாலும் ஆபத்து, அமைச்சகம் சொன்னது சரியென்றாலும் ஆபத்து!

உடனே 'பாரம்பரியத்தைக் குறை சொல்கிறான்' என்று கடிதம் எழுதாதீர்கள். நான் பாரம்பரியத்தின் கட்சிதான். காய்ச்சலுக்கும் நீரிழிவுக்கும் சித்த வைத்தியர்கள் காலம்காலமாகக் கொடுத்துவந்த மூலிகை இது. தண்டை இடித்து, தண்ணீரில் கரைத்து, தெளியவைத்து, அடியில் தங்கும் வெள்ளை மாவைக் காயவைத்துச் 'சீந்தில் சர்க்கரை' எடுப்பார்கள். அந்த வைத்தியர் நாடி பார்த்தார். வேறென்ன நோய் என்று கேட்டார். இத்தனை அளவு, இத்தனை நாள், இன்ன பத்தியம் என்றார். நாம் வைத்தியரை விட்டுவிட்டோம், கொடியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இதற்குப் பேர் பாரம்பரியமா?

நான் பி.காம். முதல் வருஷம் முதல் பாடமே இரட்டைப் பதிவு. ஒரு பக்கம் வரவு வந்தால் எதிர்ப் பக்கம் பற்று இருந்தே ஆக வேண்டும். விளைவு உள்ள எந்தப் பொருளுக்கும் பக்கவிளைவு இருக்கும். பக்கவிளைவே இல்லை என்று ஒருவர் சத்தியம் செய்தால், அதில் மருந்தும் இல்லை என்று அர்த்தம்.

ஒன்றிரண்டு ரூபாய் பாராசிட்டமால் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அளவு மீறினால் கல்லீரலுக்குக் கேடு என்று அச்சடித்திருப்பார்கள். நான் வாங்கிப் பார்த்த சீந்தில் ஜூஸ் பாட்டிலில் 'இம்யூனிட்டி' மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. மற்ற வரியைக் கண்ணாடி போட்டுத் தேடியும் காணோம். அந்த ஒரு வரியைப் போடச் சொல்லிக் கேட்பது சித்த மருத்துவத்துக்குச் செய்யும் மரியாதை. அதை மருந்தாக மதிக்கிறோம் என்று அர்த்தம்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை டாக்டர் 'வேறென்ன மருந்து சாப்பிடறீங்க?' என்று கேட்டால், 'ஒண்ணுமில்லை டாக்டர்' என்காதீர்கள். கஷாயத்தையும் சொல்லுங்கள். சித்த வைத்தியரிடம் போனால் மாத்திரையையும் சொல்லுங்கள்.

பாற்கடலைக் கடைந்தபோது அமிர்தத்துக்கு முன்னால் ஆலகாலம்தான் வந்தது. இந்தக் கொடிக்கு அமிர்தவல்லி என்று பெயர் வைத்தவர்களுக்கு அந்தக் கதை தெரியும். நமக்குத்தான் மறந்துவிட்டது.